கைரோபிராக்டரிடம் போகலாமா? முதுகு பிடித்துக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சிக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில், வீட்டு வாசலில் கார் நிறுத்தும் பாதையில் கிடந்த ஈரப் பனியை அள்ளி இடது பக்கமாக வீசிக்கொண்டிருந்தபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. வீசின வாக்கிலேயே நின்றுவிட்டேன், நிமிர முடியவில்லை. மனைவி வந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். ஊராக இருந்தால் சுளுக்கு எடுக்கிறவரைத் தேடிப் போயிருப்பேன். இங்கே ஆபீசில் நான்கு பேரைக் கேட்டால் மூன்று பேர் "கைரோபிராக்டரைப் பார்" என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரிடம் போயிருக்கிறேன். ஒருவரால் எனக்கு நல்லது நடந்தது, இன்னொருவரிடமிருந்து பாதியிலேயே வந்துவிட்டேன். ஏன் இப்படி இரண்டு விதமாக இருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில் நண்பர்கள் வட்டத்தில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் எனக்குப் போன் வருகிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்பதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, நோயாளியாக இருந்தவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

மூட்டுகளை, முக்கியமாக முதுகெலும்பின் மூட்டுகளை, கையால் அசைத்தும் அழுத்தியும் வலியையும் இறுக்கத்தையும் குறைக்கப் பார்க்கும் வைத்தியம். மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்ற பொருள் வரும்படி வைத்த பெயர்.

தொடங்கியவர் டி.டி. பாமர். 1845இல் கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்ற ஊரில் காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லில்லார்டுக்குப் பல வருடமாகக் காது சரியாகக் கேட்காது. 1895 செப்டம்பரில் அவர் முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஓர் எலும்பைத் தள்ளிவிட்டேன், காது கேட்டுவிட்டது என்று பாமர் எழுதிவைத்திருக்கிறார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதுகுப் பக்கமே வராது, அதனால் அந்தக் கதையை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பெரிய கொள்கை பிறந்தது. முள்ளெலும்பு இடம் மாறி நரம்பை அழுத்துவதால்தான் நூற்றுக்கு 95 நோய்கள் வருகின்றன என்றார் பாமர். 1897இல் பள்ளி தொடங்கினார், மகன் பி.ஜே. பாமர் அதைப் பெரிதாக வளர்த்தார்.

இந்தப் பழைய கதை இன்றைக்கு உங்களுக்கு எதற்கு என்றால், இன்றும் கைரோபிராக்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் பாமர் சொன்னதையே பிடித்துக்கொண்டு எல்லா நோய்க்கும் முதுகுத்தண்டைத்தான் காரணம் காட்டுவார்கள். இன்னொரு சாரார் முதுகு வலி, கழுத்து வலி, மூட்டு வலி என்ற எல்லைக்குள் நின்று, சோதித்துப் பார்த்து, உடற்பயிற்சியும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் போன இரண்டு பேரும் ஆளுக்கொரு வகை.

அவர் டாக்டரா? பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கிறாரே?

அமெரிக்காவில் அவர்களுக்கு டி.சி. (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) என்று பட்டம். கல்லூரியில் சில வருடம் படித்த பிறகு தனியாகக் கைரோபிராக்டிக் கல்லூரியில் குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பும் பயிற்சியும், அப்புறம் தேசிய அளவிலான தேர்வுகள், அதன் பிறகு மாநில உரிமம். 50 மாநிலங்களிலும் உரிமம் உண்டு. கடைசியாகச் சட்டம் கொண்டுவந்தது லூசியானா, 1974இல். ஆனால் அவர் எம்.டி. இல்லை, அதாவது அமெரிக்காவில் வழக்கமான மருத்துவப் படிப்பு முடித்த டாக்டர் இல்லை. பொதுவாக மருந்து எழுதித் தர முடியாது, ஆபரேஷன் செய்ய முடியாது. டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) என்ற பட்டத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் டி.ஓ. என்பவர் மருந்தும் ஆபரேஷனும் உட்பட எல்லாம் செய்யக்கூடிய முழு மருத்துவர்.

ஒரு காலத்தில் கைரோபிராக்டரோடு சேர்ந்து வேலை செய்வதே மருத்துவ அறத்துக்கு விரோதம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் சொல்லிவந்தது. செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் வேறு சிலரும் 1976இல் வழக்குப் போட்டார்கள். 1987இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது: தொழில் போட்டிச் சட்டத்தை மருத்துவச் சங்கம் மீறிவிட்டது என்றது நீதிமன்றம். சிலர் இதைக் காட்டி "கோர்ட்டே வைத்தியம் சரி என்று சொல்லிவிட்டது" என்பார்கள். வழக்கு தொழிலை ஒதுக்கிவைத்தது பற்றியது. வைத்தியம் பலிக்குமா என்பதை ஆராய்ச்சியில்தான் பார்க்க வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

முதல் நாள் என்ன செய்வார்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் இருபது நிமிடம் அவர் முதுகைத் தொடவே இல்லை. எப்போது வலித்தது, காலுக்கு இறங்குகிறதா, இருமினால் வலி கூடுகிறதா, மூத்திரம் போவதில் சிரமம் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். குதிகாலால் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலால். சின்னச் சுத்தியலால் முழங்காலையும் கணுக்காலையும் தட்டிப் பார்த்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் மெதுவாகத் தூக்கி, எந்த இடத்தில் வலி வருகிறது என்று குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் மேஜை. குப்புறப் படுத்தால் முகம் புதைய நடுவில் பிளவு விட்ட தலையணை, அதன் மேல் மெல்லிய காகிதம். கட்டைவிரலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார், ஓர் இடத்தில் என்னை அறியாமல் "ஆ" என்றேன். வலது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, மேல்காலை மடக்கி, என் கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டவைத்தார். தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, "மூச்சை விடுங்கள்" என்றார். மூச்சு முழுக்க வெளியே போன கணத்தில் தன் உடம்பு எடையோடு சட்டென்று ஒரு தள்ளு. சடக். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வலிக்கவில்லை, பயமாகத்தான் இருந்தது.

இந்தத் தள்ளுதலுக்குத்தான் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். வேகம் அதிகம், தூரம் மிகக் குறைவு. எல்லோருக்கும் இதையே செய்வதில்லை. பேனா அளவில் ஸ்பிரிங் வைத்த ஆக்டிவேட்டர் என்ற கருவியால் தட்டுவார்கள், சட்டென்று அரை அங்குலம் கீழே இறங்கும் மேஜையில் படுக்கவைத்து அழுத்துவார்கள், டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது) பிரச்சினை உள்ளவர்களை இரண்டாக மடங்கும் மேஜையில் போட்டு மெதுவாக இழுப்பார்கள். தள்ளு பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், வேறு முறை இருக்கிறது.

அந்த 'சடக்' சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமா?

இல்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரண்டு முகங்களும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக் குழி ஒன்று உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2015இல் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, இதை நேரடியாகவே படம் பிடித்தார்கள். ஒருமுறை முறித்த விரலை உடனே மறுபடி முறிக்க முடியாததற்கும் காரணம் இந்த வாயுதான், அது திரும்பக் கரைய இருபது நிமிடம் போல ஆகும். சத்தம் வராவிட்டால் வைத்தியம் பலிக்கவில்லை என்று நினைக்கவும் வேண்டாம்.

"உங்கள் எலும்பு விலகியிருக்கிறது" என்கிறார்களே?

முள்ளெலும்புகளைத் தடித்த தசைநார்களும் டிஸ்க்குகளும் இறுக்கிப் பிடித்துவைத்திருக்கின்றன. பனி அள்ளியதற்கு அவை விலகிவிடாது, ஒரு தள்ளில் உள்ளே போய் உட்காரவும் செய்யாது. விபத்தில் உண்மையாகவே விலகியிருந்தால் நீங்கள் இருக்க வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. அப்படியானால் வலி எதனால் குறைகிறது? இறுகிக் கிடந்த மூட்டும் சுற்றியுள்ள தசையும் திடீரென இழுபடும்போது அங்கிருக்கும் நரம்பு முனைகள் மூளைக்கு வேறு செய்தி அனுப்புகின்றன, தசை பிடிப்பை விடுகிறது, வலியின் உணர்ச்சி கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிறது. இதுதான் இப்போது ஆராய்ச்சியாளர்கள் அதிகம் சொல்லும் விளக்கம். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் நடந்து, குனிந்து, உடம்பை அசைத்துப் பழக முடிந்தால் அதுவே பெரிய லாபம்.

சரி, பலன் உண்டா இல்லையா?

இடுப்பு வலிக்கு உண்டு, மிதமாக. 2017இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், புதிதாக வந்த இடுப்பு வலி, இந்த வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களைவிட 100 புள்ளி அளவுகோலில் சுமார் 10 புள்ளி அதிகமாகக் குறைந்தது. நாள்பட்ட இடுப்பு வலி பற்றி 2019இல் 47 ஆய்வுகளைத் தொகுத்தார்கள்: உடற்பயிற்சி போன்ற மற்ற பரிந்துரைக்கப்பட்ட வைத்தியங்கள் அளவுக்கே பலன், அவற்றை மிஞ்சவில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2017 வழிகாட்டுதலில், இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலக்கூடியவற்றில் சூட்டு ஒத்தடம், மசாஜ் இவற்றோடு இதையும் வைத்திருக்கிறது. 2023இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலிலும் இடமுண்டு. பிரிட்டனின் வழிகாட்டுதல் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே செய்யலாம் என்கிறது, எனக்கு அதுதான் மிகச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாகப் பிடித்துக்கொண்ட இடுப்பு பெரும்பாலோருக்கு எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். எனக்கு மூன்றாவது வாரம் சரியானது கைரோபிராக்டராலா, காலத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் வாரத்தில் குனிந்து ஷூ மாட்ட முடிந்ததே, அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்துமா, சர்க்கரை, பிரஷர், குழந்தை ஓயாமல் அழுவது இதற்கெல்லாம்?

இதற்கெல்லாம் போகாதீர்கள். பலன் உண்டு என்று காட்டும் உருப்படியான சான்று கிடையாது. கைக்குழந்தையின் முதுகெலும்பில் இந்தத் தள்ளு வைத்தியம் எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டர்களின் வாரியமே 2019இல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. அழுகிற குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்தைத் திருப்புவது ஆபத்தா?

கழுத்து வேறு கதை, நின்று நிதானமாகப் படியுங்கள். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக ஏறி, தலைக்குக் கீழே இருக்கும் முதல் எலும்பில் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்தத் தமனியின் உள்சுவர் கிழியலாம், கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மிக அரிதாக நடப்பது. ஏற்கெனவே தமனி கிழிந்தவருக்குக் கழுத்துதான் முதலில் வலிக்கும், அந்த வலிக்காகத்தான் அவர் கைரோபிராக்டரிடமே வருகிறார், எனவே எது எதனால் வந்தது என்று சொல்வது கஷ்டம் என்ற வாதமும் நியாயமானதுதான். ஆனால் அப்படிப்பட்ட ஒருவரின் கழுத்தைத் திருப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் என் கழுத்தில் தள்ளு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெதுவாக அசைப்பது, தசையை அழுத்திவிடுவது, பயிற்சி இவை போதும் என்றேன், அவரும் தடை சொல்லவில்லை. நம்மூரில் முடி வெட்டியதும் சலூனில் தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று திருப்புவார்களே, அதுவும் இதே அபாயம்தான், அங்கே சோதித்துப் பார்க்கவும் ஆள் இல்லை. அப்பாவுக்குப் போன் செய்து முதலில் அதை நிறுத்தச் சொன்னேன்.

கழுத்தில் வைத்தியம் நடந்த பிறகு இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலியோ தலைவலியோ, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல், முகம் மரத்துப்போவது, விழுங்க முடியாமல் போவது, நடை தள்ளாடுவது, இதில் எது வந்தாலும் உடனே அவசர உதவி எண், அமெரிக்காவில் 911. கைரோபிராக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

வேறு யார் போகக்கூடாது?

எலும்பு மெலிந்தவர்கள், எங்கேயாவது புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், காய்ச்சலோடு முதுகு வலிப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு தொடைக்கும் நடுவில், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, மூத்திரம் வராமல் அடைத்தாலோ, மலம் தானாகப் போனாலோ, பாதம் தொங்கிப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி அது, தாமதித்தால் அந்த உணர்வும் கட்டுப்பாடும் நிரந்தரமாகப் போய்விடலாம்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு முதுகு வலி. 71 வயது. "உனக்குச் சரியானதே, என்னையும் கூட்டிப்போ" என்றார்கள். அதே கைரோபிராக்டர் அவர்களிடம் கேள்விகளைக் கேட்டு, நான் மொழிபெயர்த்துச் சொல்ல, இரண்டு வருடம் முன் கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்ததைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவர்கள் எலும்பின் அடர்த்தியைப் பார்க்காமல் நான் கை வைக்க மாட்டேன்" என்று ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து எங்கள் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினார். அன்றைக்குக் கட்டணமும் வாங்கவில்லை. சோதனையில் எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது. அவர் மேல் எனக்கிருக்கும் மரியாதைக்கு அன்று நடந்ததுதான் முதல் காரணம்.

எக்ஸ்-ரே எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால் முதல் ஆறு வாரத்துக்குத் தேவையில்லை. அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017இல் இதைச் சொல்லியிருக்கிறது. படம் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும்: வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும்.

"36 முறை வர வேண்டும், மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி" என்கிறார்களே?

நான் பாதியில் வந்துவிட்டேன் என்று சொன்ன இடம் இதுதான். வேறு ஏரியாவுக்கு வீடு மாறியபோது போன புதிய கிளினிக். முதல் நாளே எக்ஸ்-ரே, சுவரில் அதைப் போட்டுக் கோடு கிழித்து "வளைவு போய்விட்டது, இப்படியே விட்டால் உறுப்புகள் பாதிக்கும்" என்றார்கள். வாரம் மூன்று முறை, மூன்று மாதம், முன்பணம். குதிகாலால் நடக்கச் சொல்லவில்லை, சுத்தியலை எடுக்கவில்லை. பயத்தில் கையெழுத்துப் போடப் போனேன், மனைவிதான் "நாளைக்குச் சொல்கிறோம்" என்று எழுப்பிக் கூட்டிவந்தாள்.

நல்லவர் என்ன செய்வார்? இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஆறு எட்டு முறை என்று திட்டம் சொல்வார். அதற்குள் என்ன மாற வேண்டும் என்பதையும் சொல்வார்: ஷூ மாட்ட முடிவது, அரை மணி உட்கார முடிவது. அப்படி மாறவில்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு மருத்துவரிடம் அனுப்புவார். பயமுறுத்த மாட்டார்.

இன்ஷூரன்ஸ் தருமா?

பல திட்டங்கள் தரும், ஆனால் வருடத்துக்கு இத்தனை முறை என்று எல்லை வைத்திருக்கும், போவதற்கு முன் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்) 1970களிலிருந்து முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சைக்கு மட்டும் கொடுக்கிறது. கைரோபிராக்டர் எடுக்கும் எக்ஸ்-ரேக்கு கொடுக்காது, குணமான பிறகு பராமரிப்புக்கென்று போவதற்கும் கொடுக்காது.

செய்துகொண்ட மறுநாள் உடம்பு வலிக்கிறதே?

ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். அடித்துப்போட்டது போல ஒரு வலி, அசதி, சிலருக்குத் தலைவலி. ஒன்றிரண்டு நாளில் போய்விட வேண்டும். காலுக்கு வலி புதிதாக இறங்கினாலோ மரத்துப்போனாலோ அடுத்த முறைக்குப் போகாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஊரில் அம்மா அப்பாவுக்குப் பார்க்கலாமா?

சென்னை, பெங்களூரில் கைரோபிராக்டர் என்று பலகை நிறையத் தெரிகிறது. வெளிநாட்டில் முறையாகப் படித்துவந்தவர்களும் இருக்கிறார்கள், சில வார வகுப்போடு வீடியோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் கைரோபிராக்டருக்கென்று மருத்துவர்களுக்கு இருப்பது போன்ற அரசுப் பதிவுக் கவுன்சில் கிடையாது, ஆகவே எங்கே எத்தனை வருடம் படித்தார் என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வயதானவர்கள் என்றால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் போவதையே நான் சொல்வேன். மூட்டைக் கையால் அசைக்கும் பயிற்சி அவர்களில் பலருக்கும் உண்டு.

நீ இன்னும் போகிறாயா?

கடைசியாகப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டாம் முறையே அந்த முதல் கைரோபிராக்டர் ஒரு தாளில் மூன்று பயிற்சி வரைந்து கொடுத்திருந்தார்: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி நிற்பது. காலையில் காபிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதோடு தினமும் நடை. இந்த வருடம் பனி விழுந்தபோது மண்வெட்டியில் பாதிதான் அள்ளினேன், இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்துவைத்து முழு உடம்போடும் திரும்பிக் கொட்டினேன். அரை மணியில் முடிகிற வேலைக்கு ஒன்றேகால் மணி ஆனது.